சாம்பல் வைத்த பக்கம்

பக்கத்து வீட்டில் காய்ந்த ஓலை எரிகிறது. அந்த வாசனை அப்பாவை நினைவூட்ட, என்னால் உட்கார முடியவில்லை.

ராயபுரத்தில், என் சிறுவயதில், அப்பா கல்லூரியில் தத்துவம் நடத்தினார். காலையில் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போவார். கடவுள் இல்லை என்று வாதிடும் புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு, கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். விட்ட பக்கத்தில், குருத்து ஞாயிறன்று கோயிலில் கொடுத்த குருத்தோலையைச் செருகியிருந்தார்.

பழைய குருத்தோலைகளை எரித்துத்தான், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் பூசச் சாம்பல் எடுப்பார்கள். கோயிலுக்குக் கொடுக்க அம்மா புத்தகத்திலிருந்த ஓலையை உருவினாள்.

"இன்னாய்யா, சாமி இல்லேன்ற புக்குலயா இத்த வெச்சிகீற?"

"அத எழுதனவனுக்குப் பதில் இன்னும் கெடைக்கல மே. முட்டி போடாமயும் இருக்க முடியல."

புதனன்று நெற்றியில் சாம்பலோடு வந்தவர், சட்டைகூட மாற்றாமல் அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தார். நெற்றியைத் தொட்டு, விட்ட வரியோரம் விரலை அழுத்தினார்.

நானும் தத்துவம்தான் நடத்துகிறேன். அப்பாவின் புத்தகம் இப்போது என்னிடம்; அந்தக் கறையை இன்னும் தாண்டவில்லை.