பெர்னின் முட்டி வலி

சக்கர நாற்காலியில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கை உட்கார வைத்து, அதன் உச்சியில் தளும்பத் தளும்ப ஒரு கோப்பைத் தேநீரை வைத்து, பெர்ன் மைதானத்தின் குறுக்கே தள்ளிக்கொண்டு போகிறாள். நாளை பாட்டுத் திருவிழா. வாசலிலிருந்து நடனக் கூடாரத்துக்கும், அங்கிருந்து கழிப்பறைக்கும் பலகைப் பாதை போட்டாகிவிட்டது. எந்த இடத்தில் தேநீர் சிந்துகிறதோ அந்தப் பலகை சரியில்லை. பின்னாலேயே சுத்தியலோடு வருகிறவன் அவள் மகன் மரே. தச்சன்.

“சிந்திருச்சுடா.”

“ஒரு சொட்டும்மா.”

“அந்த ஒரு சொட்டுக்கு ஒரு ஆளோட முதுகு குலுங்கும். பிரிச்சுப் போடு.”

மரே பிரித்துப் போடுகிறான். வருஷா வருஷம் இப்படித்தான்.

மற்ற நாட்களில் பெர்ன் வரிங்கல் கிராமத்தின் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். “டெஸ்மண்ட், கைய உள்ள எடு!” என்று கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் கத்துவாள். அன்று பையனாக இருந்த அந்த டெஸ்மண்டுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. காரில் அவள் பேருந்தைத் தாண்டும்போது இன்னமும் கையை உள்ளே இழுத்துக்கொள்கிறான்.

அதே குரல்தான் திருவிழாவிலும். மேடையில் நின்று அடுத்த அடி என்ன என்று ஆடுகிறவர்களுக்குச் சொல்வது அவள் வேலை. ஒலிபெருக்கி வேண்டாம் என்பாள். “கால் இருக்கறவங்க கால வைங்க, சக்கரம் இருக்கறவங்க சக்கரத்த உருட்டுங்க! தப்பு பண்ணலாம், எல்லாரும் சேந்து பண்ணணும்!” காது கேளாதவர்களுக்காகக் கையையும் ஆட்டுவாள். சத்தம் தாங்காத பிள்ளைகள் காதுமூடி மாட்டிக்கொண்டு ஆடும். தீயணைப்புத் தொண்டர்கள் சாஸேஜ் சுடுவதை விட்டுவிட்டு இடுக்கியும் கையுமாக வந்து நிற்பார்கள்.

கடைசியில் ஜோடி மாறும் ஆட்டம். உள்ளே ஒரு வட்டம், வெளியே ஒரு வட்டம். பாட்டு ஒரு சுற்று முடிந்ததும் உள்வட்டத்து ஆள் அடுத்த ஆளிடம் நகர வேண்டும். எப்போது நிறுத்துவது என்பது பெர்னின் கையில், சரியாகச் சொன்னால் காலில். அவள் வலது காலைத் தூக்கினால், இதுதான் கடைசிச் சுற்று என்று வாத்தியக்காரர்களுக்கு அர்த்தம். எல்லாருக்கும் சூடு ஏறுகிற நேரம் பார்த்துத் தூக்கிவிடுவாள். கேட்டால் முட்டி வலிக்கிறது என்பாள்.

“ஆடறது அவங்க, வாசிக்கறது நானு, முட்டி வலிக்கிறது மட்டும் உனக்கா?” என்பான் அக்கார்டியன் பெட்டி வாசிக்கிற ஃபெர்கஸ்.

“என் முட்டி, என் வலி. பெட்டிய மூடு.”

முட்டியில் வலி ஒன்றும் கிடையாது. உள்வட்டத்தில் மரே இருப்பான், வெளிவட்டத்தில் லீத் இருப்பாள். லீத்துக்கு முந்தின ஆளோடு அவன் ஆடும்போது பெர்னின் கால் எழும்.

இருவரையும் ஒரே பேருந்தில் பள்ளிக்குக் கூட்டிப்போனவள் அவள். இருபது வயதில் ஆற்றில் குளித்துவிட்டு வரும் வழியில், மரே ஓட்டிய வண்டி மண் சாலையில் கவிழ்ந்தது. பின்னால் திறந்த சரக்குத் தட்டில் பாடிக்கொண்டு வந்த லீத்துக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. மரேவுக்குப் புருவத்தில் இரண்டு தையல். அதன் பிறகு தெருவில் அவளைக் கண்டால் எந்தக் கடை எதிர்ப்படுகிறதோ அதற்குள் நுழைந்துவிடுவான், அது பெண்கள் முடி திருத்தும் கடையாக இருந்தாலும். வருஷத்தில் ஊரோடு அவன் கைகோக்கும் நேரம் அந்த ஆட்டம் ஒன்றுதான். அம்மாவின் காலை நம்பித்தான் அவன் வட்டத்துக்குள்ளேயே இறங்குகிறான்.

இந்த வருஷம் திருவிழா அன்று காலையில், கேக்குக் கடைக்குப் பின்னால், லீத் தன் நாற்காலியைப் பெர்னின் வழியில் குறுக்கே நிறுத்தினாள்.

“முட்டி எப்படி இருக்கு பெர்ன்?”

“இருக்கு கண்ணு.”

“எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. வருஷா வருஷம் அவன் யாருகிட்ட வரும்போது அது வலிக்குதுன்னு பாத்துட்டுதான் இருக்கேன்.”

பெர்ன் கையிலிருந்த கேக்குத் தட்டைக் கீழே வைத்தாள்.

“அவனால முடியாது லீத்.”

“எனக்குப் பாத போடறான். ஒரு ஆணி துருத்திட்டு இருக்காது. அந்தப் பாதைல ஒரு நாளாவது என் எதிர்ல வந்திருக்கானா? இன்னைக்குக் காலத் தூக்காத.”

“ஓடிட்டான்னா? அப்புறம் அந்த வட்டத்துக்கும் வரமாட்டான். எனக்கு இருக்கறது அது ஒண்ணுதான்டி.”

“ஓடட்டும். என் மூஞ்சியப் பாத்துட்டு ஓடட்டும்.”

மாலையில் வட்டம் கூடியது. பெர்ன் வழக்கம்போலக் கத்தினாள். ஆனால் எல்லா வருஷமும் செய்வதுபோல டெஸ்மண்டைக் கிண்டல் செய்யவில்லை. ஃபெர்கஸ் அவளை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். மரே நகர்ந்து நகர்ந்து வந்தான்: முதுகில் குழந்தையைக் கட்டியிருந்த பெண், வெள்ளைக் கோல் கிழவர், காதுமூடிச் சிறுமி. சிறுமிக்கு அடுத்து லீத்.

சிறுமியைச் சுற்றிவிட்டுக்கொண்டே மரே மேடையைப் பார்த்தான். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தான். பழக்கத்தில் அது பலகையைவிட்டு எழும்பியிருந்தது. ஃபெர்கஸ் மூச்சை இழுத்துக்கொண்டு முடிப்பதற்குத் தயாரானான். லீத் மேடைப் பக்கம் திரும்பவே இல்லை; இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் காத்திருந்தாள்.

“அடுத்த ஆளு!” என்று கத்தினாள் பெர்ன். தூக்கிய காலைக் கீழே ஊன்றி, அது மறுபடி எழாதபடி, இடது காலை அதன் மேல் வைத்து மிதித்துக்கொண்டாள்.