சுழல் நாற்காலியில் என் தங்கை

தான் வேலை பார்க்கும் கம்பெனியில் விமானம் ஓட்டிய முதல் பெண் என் தங்கை. பேப்பரில் இரண்டு முறை படம் வந்திருக்கிறது. ஆனால் காரை ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் தூணில் இடித்துத்தான் நிறுத்துவாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பிழைக்கிற எனக்கு இதைவிட மானக்கேடு வேண்டாம்.

பயிற்சிக் காலத்தில் விமான இருக்கை அவள் உயரத்துக்குப் பள்ளமாக இருந்தது. சொன்னால், பெண்ணுக்கு ஒத்துவராது என்று பேச்சு கிளம்பும். வாயே திறக்காமல், என் காரில் குட்டையானவர்களுக்குப் போடும் மெத்தையைத் திருடிக்கொண்டு போனாள். கேப்டன் ஆன முதல் வாரம், ஒலிபெருக்கியில் பெண் குரலைக் கேட்டதும் ஒரு பெரிய மனிதர் இறங்கிப் போய்விட்டார். எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது. அவளோ, "அவர் பெட்டியையும் இறக்கிடுங்க, ஆள் இல்லாம பெட்டி போகக்கூடாது" என்றதோடு சரி.

"கல்நெஞ்சுக்காரிடி நீ" என்பேன்.

"மேகத்துக்குள்ள போனா உடம்பு பொய் சொல்லும்க்கா. சாயுற மாதிரி இருக்கும், ஆனா சாயாது. மீட்டர்ல முள் காட்டுறதைத்தான் நம்பணும்" என்பாள். இருபது வருடம் அப்படியே பழகிவிட்டாள்.

விண்வெளிக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு வந்தபோது அவளுக்கு முப்பத்தொன்பது. நாற்பதோடு கதவைச் சாத்திவிடுவார்கள். எழுத்து, ஓட்டம், நீச்சல் எல்லாவற்றிலும் தேறினாள். கடைசியாக, கண்ணைக் கட்டிச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எந்தப் பக்கம் சுற்றுவதாகத் தோன்றுகிறதோ அந்தப் பக்கப் பொத்தானை அழுத்த வேண்டும்.

ஒரே சீராகச் சுற்றினால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டதுபோல் இருக்குமாம். நிறுத்தினால் எதிர்ப்பக்கம் சுற்றுவதுபோல் இருக்குமாம். யாருக்கும் அப்படித்தான். இவள் உடம்பு சொன்னதை ஒதுக்கிவிட்டு, மனதுக்குள் நொடிகளை எண்ணி, நாற்காலி உண்மையில் என்ன செய்ததோ அதையே அழுத்தித் தொலைத்தாள். ஒன்றுகூடத் தப்பில்லை. அதனாலேயே வாய்ப்பு போயிற்று.

"நாற்காலி என்ன பண்ணுதுன்னு எங்களுக்கே தெரியும்மா" என்றாராம் சோதனை செய்த டாக்டரம்மா. "மேல போனா உங்க உடம்பு என்ன சொல்லுதுன்னு நீங்க சொன்னாத்தானே எங்களுக்குத் தெரியும்? நீங்க சொல்லமாட்டீங்க."

அழைத்து வரப் போயிருந்தேன். வழியெல்லாம் அந்த டாக்டரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"அவங்க சொன்னது சரிதான்க்கா. இனிமே விண்ணப்பிக்க வயசில்ல. நாளைக்குக் காலையில எனக்கு ஃப்ளைட் இருக்கு" என்றாள்.

"அது கெடக்கட்டும். உனக்கு எப்படிடி இருக்கு?"

சிக்னல் சிவப்பானது. திரும்பிப் பார்த்தேன். சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் போகணும்க்கா" என்றாள். "ரொம்ப ஆசையா இருந்துச்சுக்கா."

சொல்லிவிட்டு அழுதாள். வளர்ந்தபிறகு அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டேன். பச்சை விழுந்தது. பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள். அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.