அப்பா போட்ட கருப்பு கிரீஸ்

எங்கள் அப்பா கிரேனுக்கு கிரீஸ் போடவில்லை என்று அறிக்கை எழுதிய யார்டு மேலாளர் பொய் சொன்னார். அப்பாவின் நினைவு மலரை இப்படியா ஆரம்பிப்பது என்று அண்ணன் கேட்டார். எனக்கு வேறு விதமாக எழுத வரவில்லை.

அப்பா பிறந்தது புளியந்தோப்பில். எட்டாவதோடு படிப்பு நின்றது. எண்ணூர் யார்டில் கண்டெய்னர் தூக்கும் கிரேன்களுக்கு முப்பது வருடம் ஃபிட்டராக உழைத்தார். நகக்கண்ணில் கருப்பு போகவே போகாது. "யோவ், சோத்துக்கும் கிரீஸ் போடப் போறியா? கைய கழுவிகினு வா" என்று அம்மா விரட்டுவார்.

அந்தக் கருப்பு அழுக்கல்ல. மாலிப்டினம் பொடி கலந்த கிரீஸ். அது எதற்கு என்று நான் கேட்டபோது அப்பா சொன்னார்: "இரும்பு பாக்கத்தான் வழவழன்னு கீது. கிட்ட போனா மேடும் பள்ளமும்தான். கிரேன் கைய தாங்குற பின்னு மேல அவ்ளோ வெயிட்டு குந்துனா எண்ணெ பிதுங்கிடும். இந்தப் பொடி ஓடாதும்மா. பள்ளத்துல அடைஞ்சிகினு ஏடு ஏடா வழுக்கும். இரும்பும் இரும்பும் உரசிக்காது."

வெளியிலிருந்து பெரிய அதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்தது. புதிதாக வந்த மேலாளர் கருப்பைப் பார்த்துப் பழைய கிரீஸ் என்று நினைத்துவிட்டார். "எல்லா பின்னையும் கழட்டிக் கழுவுங்க. வெள்ளை கிரீஸ் போடுங்க, பளிச்னு இருக்கணும்."

"சார், புதுசே இந்தக் கலருதான். கழுவுனா பின்னு கவ்விக்கும் சார்."

"சொன்னதைச் செய்யுங்க."

செய்தார். இரண்டே மாதத்தில் பின் இறுகி, கிரேன் கை பாதியில் நின்றது. கீழே யாரும் இல்லாதது அதிர்ஷ்டம். மேலாளரின் அறிக்கையில் 'கிரீஸ் போடாத ஃபிட்டரின் அலட்சியம்' என்று வந்தது. அப்பாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கடைசி நாட்களில், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களிடமும், "நா கிரீஸ் போட்டேன்பா" என்றுதான் சொன்னார்.

அப்பாவை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிச் சென்ற பக்கத்து வீட்டார், அம்மாவுடன் தங்கிய சித்தி, இவர்களை நாங்கள் மறக்க மாட்டோம். அப்பாவோடு வேலை செய்த சேகர் மாமா, அந்தப் பின்னைப் பழைய இரும்புக் குவியலில் தேடி எடுத்து வந்து கொடுத்தார். அதன் மேலெல்லாம் இரும்பு உரசிய கீறல். வெள்ளை கிரீஸ் இன்னும் ஒட்டியிருக்கிறது.

மேலாளருக்கும் இந்த நினைவு மலரில் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். ஷிஃப்ட் மாறும் நேரத்தில், யார்டு வாசலில், எல்லாத் தொழிலாளர்களும் கேட்க அவர் சொல்லட்டும்: பின்னைக் கழுவச் சொன்னது யார்?