காரட் நுழையாத வீட்டில் ஒரு காரட் மெஷின்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஆறு விருந்தாளிகள் பட்டினி கிடந்திருப்பார்கள். காரணம் — நான். கூடவே ஒரு மெஷின்.

மெட்ராஸ் பொருட்காட்சிக்குப் போய் வந்ததைப் பற்றி இரண்டு வாரம் முன்பு இங்கே பீற்றிக்கொண்டேனே, நினைவிருக்கிறதா? அங்கே வாங்கிய காய் நறுக்கும் மெஷினைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. ஜெயித்துக் காட்டிவிட்டு எழுதலாம் என்றிருந்தேன்...

மெஷினுக்கு மேலே ஒரு வாய். பக்கத்தில் ஒரு கைப்பிடி. அடியில், மேஜை விளிம்பைக் கவ்விக்கொள்ள ஒரு திருகு. விற்றவர் ஒரு காரட்டை உள்ளே விட்டுக் கைப்பிடியைச் சுற்றினார். வட்ட வட்டமாகச் சில்லுகள் கொட்டின. ஒன்றில்கூடக் கோணல் இல்லை. அடுத்து இன்னொரு காரட். அதற்கடுத்தும் காரட்.

இந்த மனிதர் ஏன் காரட்டையே போடுகிறார் என்று எனக்குத் தோன்றியதா? தோன்றவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன மூளை இது. இப்போது டீச்சர் வேலை வேறு பார்க்கிறது.

நாங்கள் சமண வீடு. மண்ணுக்கடியில் விளைகிற எதுவும் எங்கள் வீட்டு அடுப்பில் ஏறாது. இன்னொன்று — பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. பஞ்சாங்கம் எத்தனை மணி சொன்னாலும் அம்மாவுக்கு ராஜகிரி மலைதான் கடிகாரம். சூரியன் அதன் பின்னால் இறங்கினால் இலை போடமாட்டாள். அப்புறம் மறுநாள் காலைதான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், அவலூர்பேட்டையிலிருந்து அத்தையும் மாமாவும் இன்னும் நாலு பேரும் வந்து இறங்கினார்கள். அம்மா கூடை நிறையக் கொத்தவரங்காயை எடுத்துக்கொண்டு அரிவாள்மணையைத் தேடினாள். நான் அதைக் காலையிலேயே பரண் மேல் போட்டிருந்தேன்.

"அது எதுக்கும்மா இனிமே? அரை மணி நேர வேலை, அஞ்சு நிமிஷத்துல முடிச்சித் தரேன்."

அத்தை சிரித்தாள். "அண்ணி, வுடுங்க. படிச்ச பொண்ணு சமைக்கட்டும், பாக்கலாம்."

முதல் சிக்கல்: திருகு கவ்வ மேஜை வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே மேஜை, நான் படிப்பதற்காக நைனா செய்து போட்டது. அது சமையலறை வாசலில் நுழையவில்லை. குறுக்காக, நெடுக்காக, தலைகீழாக — எப்படித் திருப்பியும் நுழையவில்லை. சரி, மேஜை உள்ளே போகாவிட்டால் சமையல் வெளியே வரட்டும் என்று கூடத்திலேயே மெஷினை மாட்டினேன்.

இரண்டாம் சிக்கல்: கொத்தவரங்காய் காரட் அல்ல. நீளவாக்கில் உள்ளே போனது நீளவாக்கிலேயே, கீறல் படாமல், கீழே வந்து விழுந்தது.

"தோ, முழுசா வந்துடுச்சி," என்றாள் அத்தை.

நைனா எழுந்து வந்தார். சமையலறையில் தண்ணீர்ப் பானை எந்த மூலையில் இருக்கிறது என்றுகூட அறியாத நைனா. "தள்ளும்மா. இதெல்லாம் நிதானமா சுத்தணும்." சொல்லிவிட்டு வேகமாகச் சுற்றினார். கொத்தவரங்காய் நார் நாராக வந்தது.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "மச்சான், நீங்க இன்னா கெணத்துலயா தண்ணி எறைக்கிறீங்க? என்கிட்ட குடுங்க."

"இரு மாப்ள, இப்பதான் கை வாட்டம் வந்துருக்குது."

"உங்களுக்கு வாட்டம் வர்றதுக்குள்ள எங்க பஸ்ஸு போயிடும்."

மாமா சுற்றியபோது வந்தது கூழ். வந்திருந்த மற்ற ஆண்கள் இரண்டு பேரும் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். ஆமாம், காய் நறுக்க... வரிசையில்.

உள்ளே சோறு வெந்து, பருப்பும் இறங்கிவிட்டது. காய் மட்டும்தான் பாக்கி. நாத்தனார் இலையில் காயில்லாமல் சோறு போட அம்மா செத்தாலும் சம்மதிக்கமாட்டாள். வாசலுக்குப் போய் மலையைப் பார்த்துவிட்டு வந்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "விமலா, சூரியன் மலை உச்சிக்கு ஒரு மொழம்தான் இருக்குது. ஆறு பேரு பசியோட பஸ் ஏறணுமா, இல்ல நீ பரண் ஏறுறியா?"

நான் பரண் ஏறினேன். எஸ்.எஸ்.எல்.சி.யும் டீச்சர் டிரெயினிங்கும் என்னோடு ஏறின.

அம்மா அரிவாள்மணையில் ஏறி உட்கார்ந்தாள். இருபது இருபது காயாகப் பிடியில் சேர்த்து, பேசிக்கொண்டே நறுக்கினாள். கூடத்தில் மெஷின் முறை இன்னும் ஒரு சுற்று முடியவில்லை. இங்கே கூடை காலி. பொரியல் இறங்கியது. ஆண்கள் அரைத்த கூழையும் நாரையும் அம்மா வீணாக்கவில்லை. வதக்கி, புளியும் மிளகாயும் வைத்து அம்மியில் ஒரு இழுப்பு — துவையல்.

கடைசிக் கவளத்தை விழுங்கிவிட்டு எல்லோரும் கை கழுவியபோது, மலை உச்சியில் ஒரு கீற்று வெயில் மிச்சம் இருந்தது.

"அந்தத் தொவையலு யார் செஞ்சது? பிரமாதம்," என்றார் மாமா.

"நீங்களும் உங்க மச்சானும்தான்," என்றாள் அம்மா.

இரண்டு பேர் முகத்திலும் வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. நான் பரீட்சையில் பாஸானபோதுகூட நைனா முகத்தில் அவ்வளவு பார்த்ததில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரே ஒரு வேலை செய்யும் இந்த மாதிரிச் சாமான்களை யாரை மனதில் வைத்துச் செய்கிறார்கள்? சமைக்கிறவர்களை அல்லவே அல்ல. தினமும் சமைக்கிறவளுக்கு ஒரு கத்தி போதும். இதெல்லாம் சமையலறைப் பக்கமே வராதவர்களுக்காகச் செய்தது — வாங்குகிறவர்களுக்கும், ஒரு தரம் சுற்றிப் பார்க்கிறவர்களுக்கும். அந்த முதல் வகையில் நானும் சேர்த்தி என்பதை ஒப்புக்கொள்கிறேன். அம்மாவைக் கேட்டுவிட்டா வாங்கினேன்?

விருந்தாளிகள் பஸ் ஏறியதும் வெட்கத்தோடு மெஷினைக் கழற்றப் போனேன். அம்மா கையைப் பிடித்தாள்.

"அதக் கழட்டாத. இந்த வூட்டுல ஆம்பளைங்க கை வெச்ச சமையல் சாமான் அது ஒண்ணுதான்."

ஆகவே மேஜை இப்போது மெஷினுக்குச் சொந்தம். நைனா தினமும் அவரைக்காயில் பயிற்சி செய்கிறார். இந்தப் பத்தியை நான் தரையில் உட்கார்ந்துதான் எழுதியிருக்கிறேன்... பக்கத்தில் அரிவாள்மணை.