மீன்கொத்தியை நிமிரச் சொன்னவர்

பானுஜன் ஓரிடத்தில் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. கிழமை நாட்களில் விமான நிலையச் சமையல்கூடத்தில் தட்டு வண்டிகளைத் தள்ளித் திரிவார். சனி ஞாயிறென்றால் கமெராவும் கையுமாகக் கலியாண மண்டபங்களில் நிற்பார். நிற்பார் என்பதும் பிழைதான். கதிரையில் ஏறுவார், மணவறைக்குப் பின்னால் நுழைவார், ஐயரையே ஒதுங்கச் சொல்லுவார். "இஞ்ச பாருங்கோ, நாடியைக் கொஞ்சம் உயர்த்துங்கோ, சிரியுங்கோ" என்ற அந்தக் குரலுக்கு, சுவிஸில் அவர் வசிக்கும் ஓர்லிகோன் பகுதித் தமிழ்ச் சனம் முழுக்க ஒரு தடவையாவது சிரித்திருக்கிறது.

சிரிக்காதவள் அவருடைய மகள் ரிஷானி ஒருத்திதான். அவள் பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்தியச் சடங்கில், படியிறங்கி வரும் காட்சி சரியாக வரவில்லையென்று திரும்பத் திரும்ப அவளை மேலே ஏறவைத்தார். சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் பிள்ளை அழுதுவிட்டாள். மனுசன் அதையும் எடுத்தார். அன்றைக்குப் பிறகு அவருடைய கமெராவுக்கு அவள் முகம் காட்டியதில்லை. இப்போது அவளுக்குப் பதினாறு வயது. ஊரார் பிள்ளைகளையெல்லாம் வடிவாக எடுத்தவரிடம் சொந்தப் பிள்ளையின் புதுப் படம் ஒன்றுகூட இல்லை. அது அவரை உள்ளுக்குள் அரித்தது.

ரிஷானிக்குப் பறவைகளில் பைத்தியம். பள்ளிக்கூட நண்பர்களோடு ஏரிக்கரைகளில் பழியாய்க் கிடப்பாள். அவளோடு கொஞ்ச நேரமாவது இருக்கலாம் என்று பானுஜன் பெரிய லென்ஸ் ஒன்றை வாங்கி வந்தார்.

"எனக்கும் குருவி எடுக்கப் பழக்கிவிடன், பிள்ளை."

"வாறதெண்டால் வாங்கோ. ஆனா என்னை எடுக்கக் கூடாது."

"ஓம், ஓம்."

முதல் ஞாயிறு, கிறைபென்சே ஏரிக்கரையில், பறவை பார்ப்பதற்கென்று கட்டிய மரக்குடிலில் போய் அமர்ந்தார்கள். பானுஜனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. லென்ஸைத் துடைத்தார். பற்றரியைக் கழற்றித் திரும்பப் பூட்டினார். கால் தன்பாட்டில் ஆடியது, அதோடு அவர்கள் இருந்த பலகையும் ஆடியது.

"அப்பா, உங்கட கால்," என்றாள் ரிஷானி, திரும்பாமலே.

ஒருவழியாக மீன்கொத்தி ஒன்று வந்து கிளையில் அமர்ந்தது. நீல முதுகை இவர் பக்கம் காட்டிக்கொண்டு அமர்ந்தது. முதுகைக் காட்டினால் பானுஜன் பொறுப்பாரா? விரலைச் சொடுக்கினார்.

"இஞ்ச பாருங்கோ," என்றார், மரியாதையாகத்தான். "கொஞ்சம் நிமிருங்கோ."

குருவி பறந்துவிட்டது. விடியற்காலையிலிருந்து காத்திருந்த சுவிஸ் கிழவர்கள் இருவர் பார்த்த பார்வையில் ஏரிக்குள் குதித்துவிடலாம் போலிருந்தது. திரும்பும் ரயிலில் ரிஷானி வேறு இருக்கைக்குப் போய்விட்டாள்.

வீட்டில் மனைவி சுகந்தியிடம் புலம்பினார். "வாயையும் காலையும் கட்டிப்போட்டுக்கொண்டு போங்கோ," என்ற சுகந்திதான், மகளிடம் மன்றாடி இன்னொரு ஞாயிறு வாங்கிக் கொடுத்தாள்.

இம்முறை குடிலில் ரிஷானி அவரைவிட்டுத் தள்ளி, பலகையின் மற்ற முனையில் அமர்ந்தாள். பானுஜன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். குளிர் பிடுங்கியது. மூக்கு அரித்தது. யாரையும் நாடியை உயர்த்தச் சொல்ல முடியாமல் நாக்குத் தவித்தது. ஒரு குருவிக்காக மனுசன் இப்படியும் கிடப்பானா என்று கோபம்கூட வந்தது. ஆனாலும் அசையாமல் இருந்தார்.

மீன்கொத்தி வந்தது. ரிஷானியின் பக்கத்துச் சன்னலுக்கு நேரே, ஒரு நாணல் தண்டில். எடுங்கோ என்று அவள் கையால் காட்டினாள். பானுஜன் பதறியடித்துக் கமெராவைத் தூக்கி ஒரு தடவை அமுக்கினார். அதற்குள் அது தண்ணீரில் பாய்ந்துவிட்டது.

படத்தைப் பார்த்தார். மீன்கொத்தி வெறும் நீலக் கலங்கலாக இருந்தது. லென்ஸ் அதை விட்டுவிட்டு, வழியில் இருந்த ரிஷானியைப் பிடித்திருந்தது. அவளுடைய காது, காற்றில் பறந்த முடி, பாதிக் கன்னம். யாரும் சொல்லாமலே அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தார். மனம் வரவில்லை. மறைத்து வைக்கவும் பயமாக இருந்தது. எழுந்து போய்க் கமெராவை அவளிடமே நீட்டினார்.

"வேணுமெண்டு எடுக்கேல்லை, பிள்ளை. நீயே அழிச்சுவிடு."

ரிஷானி படத்தைப் பெரிதாக்கி, நெடுநேரம் பார்த்தாள்.

"மீன்கொத்தி வடிவா வரேல்லை," என்றாள். அழிக்காமலே கமெராவை நிறுத்தி, அவருடைய கழுத்தில் மாட்டிவிட்டாள். "அடுத்த கிழமை திரும்ப வந்து பாப்பம்."

ரயிலில் அவருக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். ஓர்லிகோன் வருமுன்பே பானுஜனுடைய கால் மறுபடி ஆடத் தொடங்கிவிட்டது. இருக்கையும் சேர்ந்து ஆடியது. ரிஷானி வேறு இருக்கைக்குப் போகவில்லை.