மூன்றாவது தேய்ப்பு

நேற்றுக் காலை கரிக்கலாம்பாக்கம் டீக்கடையில் ஒருவர் போனில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரு வீடியோ ஓடவிட்டிருந்தார். கிடார் மாட்டிய சுவருக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு ஆள் பேசிக்கொண்டிருந்தார். பழைய பாட்டு ஒன்றில் சரணத்துக்கு முன்னால் ‘க்ர்ரிக்’ என்று மூன்று முறை வருமே, அது மெஷின் சத்தம் இல்லையாம். வரிவரியாகக் கீறிய மரத்தைக் குச்சியால் தேய்க்கிற வாத்தியமாம். இதுவரை யாருமே கண்டுபிடிக்காத ரகசியமாம். அவர் தப்பாகச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு வந்திருப்பேன். சரியாகச் சொல்லிவிட்டார். வந்த கோபத்தில் டீயைக் குடிக்க மறந்துபோனேன்.

கோபம் வந்தால் எனக்கு ஸ்பிரிட் வாசனை அடிக்கும். சிரிக்காதீர்கள். இருபது வயதில் வில்லியனூரில் ஒரு பாய் நடத்திய கேசட் கடையில் வேலை பார்த்தேன். இசைத்தட்டிலிருந்து கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுப்பது என் வேலை. கேசட் நாடா உரசிப் போகும் டேப் ஹெட்டைத் தினமும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும் என்பது பாயின் கட்டளை. இல்லையென்றால் அழுக்கேறி மெல்லிய சத்தமெல்லாம் மழுங்கிவிடும்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். வாத்தியங்களின் பெயர் தெரியாது. நானாக வைத்த பெயர்கள்தான்: தவளை, கொசு, நனைந்த செருப்பு. அந்த ‘க்ர்ரிக்’குக்கு மட்டும் பெயர் வைத்தவன் வேலு. வீராம்பட்டினத்துக்காரன், என் வயது. ஒருநாள் கடையில் இசைத்தட்டு சுற்றும்போது காதைச் சாய்த்து, “எங்க வூட்ல மீன் தேய்க்கிற சத்தம்பா இது” என்றான். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம். மூன்றாவது தேய்ப்பில் வாசித்தவருக்குக் கை லேசாக வழுக்குவதுகூடக் கேட்டது. வேலு ஒரு மூங்கில் துண்டில் ரம்பத்தால் வரி போட்டான். வலை பின்னுகிற ஊசியால் தேய்த்தான். அதே சத்தம், வழுக்கல் உட்பட. அந்த மூங்கிலோடுதான் வில்லியனூர்ப் பாட்டுக் குழுவில் அவன் சேர்ந்தான்.

பிறகு குழுவின் மாஸ்டர் கீபோர்டு வாங்கினார். வீராம்பட்டினத்தில் தேருக்குக் கச்சேரி. அதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. தன் ஊர் மேடையில் ஏறப்போவதாக வேலு குப்பம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. மைக் செட்டோடு பாயும் நானும் போயிருந்தோம்.

“இது மெஷின் சத்தம்டா. கேசட்டுல கேளு, ‘ஷ்ஷ்’னு ஒரே சீரா வருது. கீபோர்டுல ஒரு பட்டன்தான். மூங்கில் இன்னாத்துக்கு?” என்றார் மாஸ்டர்.

“ரெக்கார்டுலயே கேட்டவன் இவன், மாஸ்டர்” என்று வேலு என்னைக் காட்டினான். “நீ சொல்லுபா.”

அந்தக் கேசட் நான் பதிந்தது. திருவிழா நெருக்கடியில் ஒரு வாரமாக ஹெட்டைத் துடைக்காமல் பதிந்தது. தேய்ப்பு ஏன் ‘ஷ்ஷ்’ ஆனது என்று அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்தில் பாய் நின்றிருந்தார்.

“எனக்குத் தெரியல, மாஸ்டர்” என்றேன்.

“கேட்டுக்கினியாடா? போய் மீனையே தேய்” என்றார் மாஸ்டர் வேலுவிடம். எல்லாரும் சிரித்தார்கள். வேலு மூங்கிலை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனான். தேர் அன்று அவன் கூட்டத்தில்கூட இல்லை.

மாஸ்டர் மேல் வருஷக்கணக்கில் கோபத்தை வளர்த்துவந்தேன். அது வசதியாக இருந்தது. நேற்று அந்த வீடியோ அதைக் கெடுத்துவிட்டது. முன்பின் தெரியாத ஒரு ஆள் ஊருக்கே கேட்கும்படி சொல்கிறான். அன்று எதிரே நின்ற நண்பனுக்காகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வீடியோவை என் போனுக்கு வாங்கிக்கொண்டு நேரே வில்லியனூர் மார்க்கெட்டுக்குப் போனேன். வேலு அங்கேதான் மீன் விற்கிறான். பார்த்தால் தலையாட்டிக்கொள்வோம், அவ்வளவுதான்.

“அன்னிக்கு நான் ஹெட்ட தொடைக்கலடா” என்றேன்.

“இத்த சொல்ல இத்தினி வருசமா?”

“அந்த மூங்கில் எங்க?”

“அடுப்புல வச்சேன். நண்டு நல்லா வெந்துச்சு.”

வீடியோவைப் போட்டு நீட்டினேன். ஈரக் கையைத் துடைத்துப் போனை வாங்கி இரண்டு தடவை கேட்டான். “மூணாவதுல கை வழுக்குமே, காணும்பா” என்றான். நானும் காதில் வைத்துப் பார்த்தேன். மூன்றும் ஒரே அச்சு. பழைய பாட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று யாரோ அந்த வழுக்கலையும் வழித்தெடுத்துவிட்டான்.

“ரெக்கார்டு இருக்குதா?” என்றான்.

“பாய் கடைய மூடும்போது பழைய இரும்புக்காரன் அள்ளிக்கினு போயிட்டான்.”

வேலு ஒரு கொடுவா மீனை எடுத்துச் செதில் தேய்க்க ஆரம்பித்தான். மூன்றாவது தேய்ப்பில் கத்தி லேசாக வழுக்கியது. வேண்டுமென்றே செய்தானா என்று கேட்க நினைத்தேன். நேற்றும் வாய் வரவில்லை.