சித்திக்கு நான் போட்ட மார்க்

நான்காம் வகுப்பில் என்னைப் பல் சுத்தத் தலைவி ஆக்கினார்கள். காலை பிரேயர் முடிந்ததும் வரிசையாக எல்லோரையும் "ஈ" காட்டச் சொல்லி, பத்துக்கு எத்தனை என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். வெள்ளைப் பல்லுக்குப் பத்து, மஞ்சள் பல்லுக்கு ஐந்துக்குக் கீழே. மஞ்சள் பல் சோம்பேறியின் பல் என்று டீச்சர் சொல்லியிருந்தார். பள்ளியில் இந்த வேலையை ஒழுங்காகச் செய்துவந்த நான், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வீட்டிலும் ஆரம்பித்தேன்.

அப்போது ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் அப்பா, அம்மா, நான், சித்தப்பா, புதிதாக வந்த சித்தி என்று ஐந்து பேர் இருந்தோம். சித்தி தர்மபுரிப் பக்கத்துக்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனிக்குத் தைக்க வந்தவரை, அதே ரயிலில் தினமும் வேலைக்குப் போன சித்தப்பா பார்த்து, பேசி, இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்கிக் கல்யாணம் செய்திருந்தார். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதிகம் பேச மாட்டார். சிரித்தால் முந்தானை வாய்க்குப் போய்விடும்.

காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கம் கோடு போட்டு, வீட்டில் உள்ளவர்களின் பெயரை எழுதினேன். அப்பாவுக்கு ஆறு. அம்மாவுக்கு எட்டு. சித்தப்பா வாயைத் திறந்து காட்டிவிட்டு, "டீச்சரம்மா, பாத்துப் போடு" என்றார். ஏழு போட்டேன். சித்தி முதலில் மறுத்தார். நான் விடவில்லை. கடைசியில் லேசாக உதட்டைப் பிரித்தார். முன்பற்கள் நான்கிலும் பழுப்பாகத் திட்டுத் திட்டாகக் கறை. எனக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை. பூஜ்யம் போட்டு, எல்லோரும் பார்க்கட்டும் என்று வாஷ்பேசினுக்கு மேலே ஒட்டினேன்.

சாயங்காலம் அம்மா அதைப் பார்த்துக் கிழித்துப் போட்டார். முதுகில் இரண்டு வைத்தார். "அவங்க பல்லு எப்டி இருந்தா உனக்கு இன்னாடி?" என்றார். தப்பான மார்க் எதுவும் போடவில்லையே என்று நான் அழுதேன். எனக்குப் பரிந்து பேச வந்தவர் சித்திதான். "விடுங்கக்கா, புள்ள பார்த்ததைத்தானே எழுதியிருக்கு."

அந்த வாரமே வாஷ்பேசினில் ஒரு புது பேஸ்ட் வந்தது. சில நாளிலேயே பல் பளிச்சென்று ஆகும் என்று டிவியில் ஒரு பெண் கண்ணாடி பார்த்துச் சிரிப்பாளே, அந்த பேஸ்ட். சித்தி வேலைக்குப் போகும்முன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை, சாப்பிட்டபின் ஒருமுறை தேய்த்தார். கெட்டி நாரில் ஒரு பிரஷ் வேறு. தேய்க்கும் சத்தம் கூடத்தில் கேட்கும். நான் அதைப் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருப்பேன். நம்மால் ஒருவர் திருந்திக்கொண்டிருக்கிறார் என்று நினைப்பு.

இதற்கிடையில் எனக்கே பின்பக்கம் ஒரு கடைவாய்ப்பல் வலிக்க ஆரம்பித்திருந்தது. தலைவிக்குப் பல்வலி என்று வெளியில் சொல்ல முடியுமா? மறுபக்கமாக மென்று சமாளித்தேன்.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை காலை சித்தப்பா வாஷ்பேசினில் ரத்தத்தைப் பார்த்துவிட்டார்.

"இன்னாது இது, ரத்தம்?"

"ஒண்ணுமில்லைங்க. பிரஷ் பட்டிருச்சு."

"எவ்ளோ நாளா இப்டி கீது?"

சித்தி குழாயைத் திறந்து வாஷ்பேசினைக் கழுவிவிட்டார். அம்மாதான் சொன்னார், நான்கு நாளாகத் தண்ணீரைக்கூட வெதுவெதுப்பாக ஆக்கித்தான் குடிக்கிறார் என்று. சித்தப்பா சட்டையை மாட்டினார். அன்று நான் இட்லியை ஒருபக்கமாக மெல்வதையும் அம்மா கண்டுபிடித்துவிட்டதால், என்னையும் கூடவே அனுப்பினார்.

ஆவடியில் மாடியில் இருந்தது அந்தப் பல் ஆஸ்பத்திரி. வயதான பெண் டாக்டர். முதலில் சித்தியின் வாயைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊர்மா நீங்க?"

சித்தி சொன்னார்.

"சின்ன வயசுல போர் தண்ணிதான் குடிச்சீங்களா?"

"ஆமாங்க. எங்க ஊர்ல எல்லாரும் அதுதாங்க."

"எல்லாருக்கும் பல் இப்படித்தானே இருக்கும்? இது அழுக்கு இல்லைம்மா. அந்தப் பக்கம் தண்ணியில ஃப்ளோரைடு ஜாஸ்தி. பல் ஈறுக்குள்ள வளரும்போதே கறை ஏறிடும். எந்த பேஸ்ட்டாலயும் தேய்ச்சு எடுக்க முடியாது. நீங்க தேய்ச்ச தேய்ப்புல ஈறு புண்ணாகி, பல் கூச ஆரம்பிச்சிருக்கு, அவ்வளவுதான். மத்தபடி ஒரு சொத்தைகூட இல்லை."

பல் கூச்சத்துக்கென்று ஒரு பேஸ்ட்டும் மெல்லிய நாருள்ள பிரஷ்ஷும் எழுதிக் கொடுத்தார்.

பிறகு என்னை நாற்காலியில் ஏற்றினார்கள். எனக்கு மூன்று சொத்தை.

"என்ன பேஸ்ட் போடுற?"

பெயரைச் சொன்னேன். ஸ்ட்ராபெரி வாசனை, ரோஸ் கலர், டப்பாவுக்குள் ஒரு பொம்மை. பிரஷ் நிறைய வைத்துக்கொண்டு பாதியைச் சப்பிச் சாப்பிடுவேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்த பேஸ்ட்டில் ஃப்ளோரைடே கிடையாது, அது இருக்கிற பேஸ்ட்டாக வாங்குங்கள், பட்டாணி அளவு போதும், விழுங்காமல் துப்ப வேண்டும் என்றார் டாக்டர்.

சித்தப்பா குழம்பிப் போனார். "அவளுக்கு அதாலதான் கெட்டுதுன்றீங்க, இதுக்கு அது வேணும்ன்றீங்க. இன்னா டாக்டர்?"

"உப்பு இல்லாம சோறு இறங்குமா? அதுக்காக கடல் தண்ணியைக் குடிப்பீங்களா?" என்றார் டாக்டர்.

ஒரு சொத்தையை அன்றே அடைத்தார்கள். கீழே இறங்கியதும் சித்தப்பா மருந்துக் கடைக்குள் போனார். நானும் சித்தியும் வாசலில் நின்றோம். சித்தி போனை எடுத்து ஊரில் இருக்கும் தன் அக்காவைக் கூப்பிட்டார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"அக்கா, இது அழுக்கு இல்லையாம். நம்ம ஊர்த் தண்ணியாம்க்கா. டாக்டரே சொல்லிட்டாங்க. எதைப் போட்டுத் தேய்ச்சாலும் போகாதாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தைத் திரும்பவும் ஒருமுறை சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பல் அடைக்கப் போட்ட ஊசியில் எனக்கு வாயில் ஒரு பக்கம் மரத்திருந்தது. அவர் கையைப் பிடித்து இழுத்து, குழறிக் குழறிச் சொன்னேன்: "அழாத சித்தி. இந்தக் கடையில இல்லன்னா அம்பத்தூர்ல வேற பேஸ்ட் இருக்கும்."

டாக்டரே கைவிரித்துவிட்டதால்தான் அவர் அழுகிறார் என்று நான் வெகுநாள் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.